கை தெரியும் படம்

இந்த நூலில் இதுவரை பந்தை உருட்டினோம், பொம்மையை நடக்கவைத்தோம், கண் சிமிட்டவைத்தோம். இனி அதே பொம்மையைக் கொண்டு, பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறோம். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் விளங்காது. அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் திரையிடல் வரை திட்டமிடுவோம். பொருள், வீட்டுச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கி இறந்துபோகும் மனிதர். நீளம் 3 நிமிடம். இடம் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு புறநகர்ச் சந்து. உங்கள் பொருள் குழந்தைத் திருமணமாகவோ, குடியாகவோ, பள்ளிக்கூடத்துச் சாதிக் கொடுமையாகவோ இருக்கலாம். யோசித்து நிற்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய இவைதான்.

யாருக்குக் காட்டப்போகிறீர்கள்?

கதைக்கும் பொம்மைக்கும் கேமராவுக்கும் முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "எல்லோருக்கும் விழிப்புணர்வு" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. டேங்கில் இறங்குகிறவருக்கு அது ஆபத்து என்று தெரியாதா? உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். தெரியாதவர், அல்லது தெரியாததுபோல் இருந்துவிடுகிறவர், போன் போட்டு ஆளை வரச்சொல்கிற வீட்டுக்காரர்.

சட்டமும் அவரை நோக்கித்தான் திரும்பி நிற்கிறது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு எதிராக 1993-இல் ஒரு தடைச் சட்டம் வந்தது. 2013-இல் வந்த சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும் இறக்கக் கூடாது என்றது. நேரடியாக இறக்கினாலும் சரி, இன்னொருவர் மூலம் இறக்கினாலும் சரி. முதல் முறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் அந்த நான்கு வரிச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே நம் படம் வீட்டுக்காரருக்கு. இதை முடிவு செய்ததும் பல காட்சிகள் தாமாக உதிர்ந்துவிடும். மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டியதில்லை. குழந்தை புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அவற்றைப் பார்த்தால் வீட்டுக்காரர் "ஐயோ பாவம்" என்பார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், எழுந்து போய்விடுவார். இரக்கப்பட்டதாலேயே தான் நல்லவர் என்று அவருக்குத் தோன்றிவிடும். அவர் போனில் பேசிய பேச்சை அவரையே கேட்கவைத்தால் அப்படி எழுந்து போக முடியாது. எனவே சாவைவிட, சாவுக்கு முன் நடந்த பேரத்துக்குத்தான் நம் படத்தில் அதிக நேரம்.

ஏன் பொம்மை?

ஆவணப்படம் எடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. திவ்யபாரதியின் "கக்கூஸ்" 2017-இல் வந்தது. மனிதர்கள் செய்யும் அந்த வேலையை நேருக்கு நேர் காட்டியது. அதை நீங்கள் பொம்மையை வைத்துத் திரும்பச் செய்தால் அசலைவிடப் பலவீனமாகத்தான் வரும். பொம்மைக்கென்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டு இருக்கின்றன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: முகம் மறையும். பேசியவரின் அடையாளம் வெளியே வராது. இரண்டாவதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு மனிதக் கை உள்ளே வருகிறது, பொம்மையை நகர்த்துகிறது, கிளிக் செய்வதற்கு முன் விலகிவிடுகிறது. பொம்மை தானாக அசைந்ததுபோல் காட்டுவதே இந்தக் கலையின் சாமர்த்தியம். நம் கதையிலும் அப்படித்தான் ஒரு கை இருக்கிறது. ஆளை வரவழைக்கிறது, கூலியைக் குறைக்கிறது, குழியைக் காட்டுகிறது. ஆனால் செய்தியில் அது இருக்காது. அந்தக் கையைச் சட்டகத்துக்குள் விட்டுவிடுங்கள். நம் படத்தில் வீட்டுக்காரர் பொம்மை அல்லர், நிஜ மனிதக் கை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் பொம்மைப்பட மேதை யிர்ஷி த்ரன்கா 1965-இல் "கை" என்று ஒரு படம் எடுத்தார். பூந்தொட்டி வனைந்துகொண்டு தன்பாட்டில் இருக்கும் ஒரு சின்னப் பொம்மையின் அறைக்குள் பெரிய கையுறை போட்ட கை நுழைந்து, தனக்குச் சிலை செய்யச் சொல்கிறது. அவ்வளவுதான் கதை. யாருடைய கை என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே அவருடைய கடைசிப் படம். 1969-இல் அவர் இறந்தபின் அந்த நாட்டு அரசு அதைத் தடை செய்தது.

அளவு விஷயத்தில் இது நமக்கு ஒரு வசதியையும் தருகிறது. பெரியவர் ஒருவரின் கை, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். தொழிலாளிப் பொம்மையையும் அதே 18 சென்டிமீட்டரில் செய்யுங்கள். கை உள்ளே வரும்போது ஆள் உயரத்துக்கு நிற்கும். ஐந்தரை அடி மனிதரை இந்த அளவுக்குச் சுருக்கினால், இரண்டடி அகல டேங்க் மூடி ஆறரை சென்டிமீட்டராகும். மற்ற பொருள்களையும் இதே கணக்கில் சுருக்கிக்கொள்ளலாம்.

அசைவின்மையையும் ஒரு கருவியாக எண்ணிக்கொள்ளுங்கள். கம்போடிய இயக்குநர் ரிதி பான், சிறுவனாக க்மெர் ரூஜ் ஆட்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். அந்த நாட்களைப் பற்றி அவர் 2013-இல் எடுத்த "காணாமல்போன படம்" களிமண் பொம்மைகளால் ஆனது. அந்தப் பொம்மைகள் அசைவதே இல்லை. கேமராதான் அவற்றினிடையே போகிறது. வயலில் குனிந்த பொம்மை குனிந்தபடியே இருக்கிறது. அசைக்கத் தெரிந்த நமக்கு எங்கே அசைக்காமல் விடுவது என்பது கடினமான பாடம். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

கேட்கப் போகும்போது

புத்தகத்தையும் செய்தியையும் படித்துவிட்டு எழுதினால் உங்கள் தொழிலாளி பாட்டும் வசனமுமாகப் பேசுவார். போய்க் கேளுங்கள். போவதற்கு முன் சில ஏற்பாடுகள் வேண்டும்.

உங்களோடு உட்காரும் நேரம் அவர்களுக்கு வேலை போகும் நேரம். அன்றைய கூலியைக் கொடுங்கள். பேச்சு தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். என்ன சொன்னால் காசு என்ற கணக்கு அவர்கள் மனதில் எழக் கூடாது. போன் ரெக்கார்டரை ஒளித்துவைக்காதீர்கள். பதிவு செய்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்ற பகுதியை அவர்கள் எதிரிலேயே அழியுங்கள். படத்தொகுப்பு முடியும் நாள் வரை மனம் மாறலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவது உங்கள் கோப்புக்கு நல்லது. அதற்கு மேல் அதனால் ஒரு பயனும் இல்லை.

முகத்தை மறைத்தாலும் குரல் காட்டிக்கொடுக்கும். நிக் பார்க் 1989-இல் "க்ரீச்சர் கம்ஃபர்ட்ஸ்" எடுத்தபோது சாதாரண மக்களின் நிஜப் பேச்சைப் பதிவுசெய்து, அதை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்தார். திக்கலும் இழுவையும் மூச்சும் அப்படியே இருந்ததால்தான் அந்தக் களிமண் விலங்குகளுக்கு உயிர் வந்தது. நமக்கும் அந்த ஆசை வரும். ஆனால் தன் வீதி முழுக்கத் தெரிந்த ஒருவரின் குரலை நம் படத்தில் வைத்தால் நாளை அவருக்கு வேலை கொடுக்கிறவரும் கேட்பார். எனவே பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தங்களைக்கூட. பிறகு அதே வட்டாரத்து வேறொருவரைப் பேசவைத்துப் பதியுங்கள். மேடை நாடகக்காரர் வேண்டாம். பலருக்கு அடிவயிற்றிலிருந்து குரல் வந்துவிடும்.

உங்கள் பொருள் குழந்தைகள்மீதான பாலியல் குற்றம் என்றால் இது சட்டப் பிரச்சினையும் ஆகும். போக்சோ சட்டம் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் தெரியவைக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பொம்மைக்கு அதே பள்ளியின் சீருடை நிறத்தில் துணி தைப்பதும் அடையாளம் காட்டுவதுதான். நம் படத்திலும் வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை எடுக்காதீர்கள். பல இடங்களில் கேட்டதை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது சாவைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பக்கமாக வீட்டுக்குள் விடுவார்கள், கை கால் கழுவத் தண்ணீர் எங்கே கிடைக்கும், டீ எதில் வரும். லாரி வந்து தண்ணீரை உறிஞ்சினாலும் அடியில் கெட்டிப்பட்டது நின்றுவிடும், அதற்குத்தான் ஆள் இறங்க வேண்டியிருக்கிறது என்பதுபோன்ற தகவல் இப்படித்தான் கிடைக்கும். சைதன்ய தம்ஹாணேயின் மராத்திப் படமான "கோர்ட்" (2014) ஒரு சாக்கடைத் தொழிலாளியின் சாவைச் சுற்றி நகர்கிறது. அந்தத் தொழிலாளியை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. சாட்சிக் கூண்டில் அவருடைய மனைவி, குழிக்குள் கல்லைப் போட்டு கரப்பான் வெளியே வருகிறதா என்று அவர் பார்ப்பார் என்கிறார். கரப்பான் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அந்த ஒரு வரியில் ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவி முழுவதும் தெரிந்துவிடுகிறது.

மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது

முதல் காட்சி போன். திரையில் கையும் போனும் மட்டும். "லாரி அவ்ளோ ஆகுமா? இல்லண்ணே, சந்துக்குள்ள லாரியும் வராது. ஆள் மட்டும் அனுப்புங்களேன். பாத்துப் போட்டுக்குடுங்க." இதற்கு அரை நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். பேசும்போது அந்த விரல் மேசைமேல் தட்டிக்கொண்டிருக்கட்டும்.

அடுத்து இரண்டு பொம்மைகள் வருகின்றன. ஒருவர் வயதானவர், மற்றவர் அவருடைய மாப்பிள்ளை முறைப் பையன். "வாப்பா, இப்படிப் பின்னால வா" என்கிறது வீட்டுக்காரர் குரல். குரலின் வயது முப்பதைத் தாண்டாது. ஐம்பதைக் கடந்தவரிடமிருந்து "சரி சார்" என்று பதில் வருகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. டீ வருகிறது. சமையலறை ஜன்னலில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருப்பது தெரிய, கை நீட்டுவது இரண்டு காகிதக் கப்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான படங்கள் சறுக்குவது இங்கேதான். இந்த வேலையைச் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர். இதை விட்டுவிட்டு "ஏழைத் தொழிலாளி" என்று எடுத்தால் வீட்டுக்காரருக்கு வசதியான படமாகிவிடும். அதற்காகத் தொழிலாளிக்குக் கன்னங்கரேல் களிமண்ணும் வீட்டுக்காரருக்கு வெளிர் நிறமும் பூசுவது வெறும் சோம்பேறித்தனம். (வீட்டுக்காரராக நடிக்கும் கைக்கும் இதே விதி. நம் ஊர் வீட்டுக்காரர்களின் கைகள் எல்லா நிறத்திலும் இருக்கின்றன.) பின்வாசலும், காகிதக் கப்பும், "வாப்பா"வும் போதும். தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் அது புரியும். புரியவில்லை என்று சொல்கிறவருக்கும் புரிந்துதான் இருக்கும்.

பிறகு மூடி நகர்கிறது. காத்திருக்கிறார்கள். கல் விழுகிறது. ஒரு கரப்பான் வருகிறது. "நாத்தம் நின்னுடுச்சுன்னா உடனே மேல வந்துடு மாப்ள" என்கிறார் பெரியவர். இந்த வசனத்தை யாரும் கவனிக்காததுபோல், கயிற்றைக் கட்டிக்கொண்டே சொல்லவையுங்கள். பையன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். கழுத்துவரை இறங்கியதும் நிற்கிறான். ஒரு நொடி. துண்டை மூக்கிலிருந்து கீழே இறக்கிவிடுகிறான். நிம்மதியாக மூச்சு விடுகிறான். தலை மறைகிறது.

படத்தின் மையம் அந்தத் துண்டு. குழியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று மனிதர் நினைப்பார். இன்னும் சில மடங்கு கூடினால் நினைவு தப்பிவிடும். சேற்றைக் கிளறும்போது அது ஒரேயடியாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானதால் குழியிலேயே தங்கும். ஆகவே பையனின் நிம்மதிதான் சாவின் அறிகுறி. பெரியவரின் வசனத்தைக் கேட்ட பார்வையாளருக்கு அது தெரியும், பையனுக்கு அந்த நொடியில் நினைவில்லை. பச்சை நிறப் புகை போடலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. புகை காட்டினால், புகை இல்லாத குழி பத்திரமானது என்று உங்கள் படம் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். இதே காரணத்தால் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் காட்சியும் வேண்டாம். மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். கரப்பான் விஷயத்திலும் எச்சரிக்கை: அது ஒரு சோதனை முறையே அல்ல. வந்த பிறகும் ஆள் சாகிறான் என்பதைப் படம் காட்டுவதால் மட்டுமே அதை வைக்கலாம்.

கயிறு தொய்கிறது. பெரியவர் குனிந்து கூப்பிடுகிறார். எல்லாம் தெரிந்த அவரே துண்டுகூடக் கட்டாமல் இறங்குகிறார். இப்படிப்பட்ட சம்பவங்கள் பலவற்றில் காப்பாற்றப் போனவரும் இறந்திருக்கிறார். இதைப் பத்து நொடிக்குள் முடித்துவிடுங்கள்.

முடிவில் குழி ஓரத்தில் கிடக்கும் இரண்டு ஜோடிச் செருப்பைக் காட்டி இருட்டாக்கத் தோன்றும். தவிர்த்துவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அது குற்றவாளி இல்லாத சோகம். நம் படம் மறுபடி போனுக்குப் போகிறது. கை எண்ணைத் தேடுகிறது. ஆம்புலன்ஸுக்கா, போலீசுக்கா என்று பார்வையாளர் எதிர்பார்க்கட்டும். "அண்ணே, இங்க ஒரு பிரச்சினையாயிடுச்சு. நான் உங்கள்ட்டதான் சொன்னேன், அவங்கள நான் கூப்பிடல, சரியா?" அங்கே வெட்டுங்கள்.

பொம்மையும் குழியும்

எலும்புக்கூட்டுக்கு அலுமினியக் கம்பி. 1.5 மில்லிமீட்டர் கம்பியை இரண்டாக மடித்து முறுக்கினால் கைகளுக்குப் போதும், கால்களுக்கு இன்னும் ஒரு சுற்று. கட்டட வேலைக்கான கட்டுக்கம்பி சீக்கிரம் ஒடியும். நெஞ்சையும் இடுப்பையும் எம்-சீலால் உருட்டிக்கொள்ளுங்கள். உடம்புக்குப் பஞ்சு, மேலே பழைய லுங்கித் துணி. கட்டம் சிறியதாக உள்ள லுங்கியாகத் தேடுங்கள்; பெரிய கட்டம் பொம்மையைக் குழந்தையாக்கிவிடும். முகத்துக்கு மட்டும் க்ளே. நம் ஊர் வெயிலில் அது இளகும் என்பதால் மதிய நேரங்களில் முகத்தைத் தொடும் காட்சிகளை வைக்காதீர்கள்.

பொம்மைக்கு இயல்பாகவே ஒரு செல்லத்தனம் வந்துவிடும். பெரிய கண்ணும் சின்ன உடம்புமாகச் செய்தால் நம் தொழிலாளி பொம்மைக் கடைப் பொருளாகிவிடுவார். கிளோத் பராஸின் பொம்மைப்படமான "கூர்ஜெட்டாக என் வாழ்க்கை" (2016) அனாதை இல்லக் குழந்தைகளைப் பற்றியது. அங்கே பெரிய கண்கள் பொருந்தின, பார்க்கப்படுபவர்கள் குழந்தைகள். ஐம்பது வயதுக்காரருக்குச் சின்னக் கண், கனத்த இமை. கண்ணுக்கு மிளகு அளவு வெள்ளை மணி, கருவிழிக்கு ஊசித் துளை. ஊசி நுனியை வைத்துப் பார்வையைத் திருப்பலாம். வாய் அசைய வேண்டாம். இரண்டு பேருமே அதிகம் பேசுவதில்லை, பேசும்போது முதுகோ பக்கவாட்டோ தெரியட்டும். உதட்டசைவில் செலவாகும் நேரத்தைத் துண்டுக்குக் கொடுங்கள்.

குழிக்குள் என்ன ஊற்றுவது என்பது எல்லோரும் ஆர்வமாகக் கேட்கும் கேள்வி. காபித் தூள், ஹேர் ஜெல், கிளிசரின் என்று பல வழிகள் உண்டு. எதையும் ஊற்றாதீர்கள் என்பது என் கருத்து. க்ளேயில் செய்த மலம் திரையில் வந்தால் அரங்கம் சிரிக்கும், அல்லது முகம் சுளிக்கும். இரண்டுமே அந்த மனிதரின் மேல் போய் விழும். குழியின் அடியில் கறுப்பு வெல்வெட் துணி விரியுங்கள். அது வெளிச்சத்தை விழுங்கிவிடும். வட்டமான கறுப்பு மட்டும் தெரியும்.

கரப்பானுக்கு நம் அளவுக் கணக்கில் 4, 5 மில்லிமீட்டர் வேண்டும். தோல் நீக்காத கறுப்பு உளுந்து சரியாக இருக்கும். மீசைக்கு இரண்டு நைலான் இழை. நெருக்கமான ஷாட் வேண்டுமென்றால் வீட்டில் செத்துக் கிடப்பதையே எடுத்துக்கொள்ளலாம். விளாடிஸ்லாவ் ஸ்டாரேவிச் 1912-இல் நிஜ வண்டுகளின் உடலில் கம்பிக் கால் பொருத்தி ஒரு முழுக் குடும்பச் சண்டையையே படமாக்கியிருக்கிறார். கரப்பான் ஒரே சீராக நகராது. ஆறேழு ஃபிரேம் அசையாமல் மீசையை மட்டும் ஆட்டும், பிறகு ஃபிரேமுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் பாயும்.

கயிறுதான் இந்தப் படத்தின் மூன்றாவது நடிகர். வெறும் நூலாக இருந்தால் நீங்கள் வைத்த வளைவில் நிற்காது. மெல்லிய தாமிர இழையின்மேல் பருத்தி நூலைச் சுற்றி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து தடவிக் காயவையுங்கள். இறுக்கமாக இருக்கும்போது நேர்கோடாக வையுங்கள், ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரு மயிரிழை மாறட்டும். உள்ளே ஓர் ஆள் அசைகிறான் என்பது அந்த மயிரிழையில்தான் இருக்கிறது. தொய்வு ஒரேயடியாக வரக் கூடாது. இரண்டு முறை இழுபட்டு, பிறகு.

படம்பிடிக்கும் நாட்கள்

நொடிக்கு 12 படம் என்றால் 3 நிமிடத்துக்கு 2,160. பயப்பட வேண்டாம். நம் படத்தில் காத்திருப்பு நிறைய. மொத்தம் 70 நொடி யாரும் அசையாமல் இருந்தால் மீதி 110 நொடிக்கு 1,320 படம்தான். அசையாத இடத்திலும் ஒரே படத்தை நீட்டாதீர்கள், செத்ததுபோல் தெரியும். மூன்று படம் எடுத்து மாற்றி மாற்றி அடுக்குங்கள். துணியின் சின்ன நடுக்கத்தில் மூச்சு இருக்கும்.

மதிய வெயில் காட்சி என்பதால் ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கை மறைப்பு எதுவும் இல்லாமல் வையுங்கள், நிழல் கூர்மையாக விழட்டும். மற்றவை ஏற்கெனவே பார்த்தவைதான்: ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட், உங்களுக்குக் கறுப்புச் சட்டை, ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டு, ஷட்டர் 1/25 அல்லது அதைவிட மெதுவாக. ஷாட்டின் நடுவில் மின்சாரம் போனால் திரும்பி வந்ததும் இரண்டு சோதனைப் படம் எடுத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள்.

கையை நடிக்கவைப்பது பொம்மையைவிடச் சிரமம். கைக்காரர் ஒவ்வொரு கிளிக்குக்கும் அசையாமல் இருக்க வேண்டும். முழங்கைக்கடியில் செங்கல் வைத்துக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் நடுக்கம் வரும். நார்மன் மெக்லாரன் 1952-இல் "அண்டைவீட்டார்" படத்தில் நிஜ மனிதர்களையே இப்படி ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தார். அந்தத் துள்ளலும் வெட்டும்தான் அந்தச் சண்டைக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் கொடுத்தது. நம் கையும் கொஞ்சம் நடுங்கட்டும். மோதிரம் வேண்டுமா என்று யோசியுங்கள். தடித்த தங்க மோதிரம் போட்டால் வீட்டுக்காரர் "அது நான் இல்லை, பணக்காரன்" என்று நழுவிவிடுவார். சாதாரணக் கைக்கடிகாரம் போதும்.

துண்டை இறக்கும் இரண்டு நொடிக்கு 24 படம். இதை ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். கை மேலே போக எட்டு, துண்டைப் பிடித்து நிற்க நான்கு, இறக்க ஆறு, தோள் தளர மீதி. தோள் தளர்வதுதான் நிம்மதி. முகத்தில் எதையும் செய்யாதீர்கள். அந்தப் பகுதியை ஒருவரே தனியாக இரவில் உட்கார்ந்து எடுக்க விடாதீர்கள். சாகப்போகிற ஒரு உருவத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டு நகர்த்துவது மனதில் தங்கும். பகலில், இரண்டு பேராக.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடி நகரும் சத்தத்துக்கு அம்மிக் குழவியைச் சிமெண்டுத் தரையில் இழுங்கள். குழிக்குள்ளிருந்து வரும் குரலுக்குப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் போனை வைத்து வெளியிலிருந்து பேசினால் போதும். ஷெனாய், வயலின், ஒப்பாரி எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கட்டும்.

காட்டும்போது

முதல் பார்வையாளர் உங்களிடம் பேசிய தொழிலாளர்கள். கடைசிப் பகுதியில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பார்க்க வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "எங்காளு இப்படிக் கயிறு கட்ட மாட்டான்" என்று ஒருவர் சொன்னால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுங்கள். எந்த விழாவின் நடுவர் சொல்லும் குறையைவிடவும் இது முக்கியம்.

பிறகு வீட்டுக்காரர்களிடம் போங்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டம் நல்ல இடம். 3 நிமிடம் என்றால் தண்ணீர் வரி, குப்பை வண்டி என்ற விவாதங்களுக்கு நடுவில் இடம் கிடைக்கும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். முதலில் வரும் கேள்வி அநேகமாக "லாரி வராத சந்துல என்ன பண்றது?" என்பதாக இருக்கும். சிலர் ரோபோவைப் பற்றிக் கேட்பார்கள். கேரளத்தில் 2018 முதல் பயன்பாட்டுக்கு வந்த பாண்டிகூட் எந்திரம் தெருவிலுள்ள பாதாளச் சாக்கடைக்கானது, வீட்டு டேங்குக்கு உதவாது. சந்துக் கேள்விக்கு மட்டும் பதிலைக் கையோடு கொண்டுபோங்கள். 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்துவிட்டால் அடியில் கெட்டிப்படாது, இறங்க ஆள் தேவைப்படாது. சின்ன வண்டியும் நீளக் குழாயும் உள்ள ஆட்கள் அந்த ஊரில் யார் என்று முன்பே விசாரித்து வையுங்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. படத்தின் கடைசி அட்டையில் போடும் முன் அந்த ஊரிலிருந்து நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள், எடுக்கிறார்களா, வண்டி வர எத்தனை நாள் என்கிறார்கள் என்று.